நோட்டீஸில் பேர் இல்லாத ஆள்

எங்கள் ரயில்வே காலனியில் அந்த வருஷம் சித்திரையில் நடந்ததை இன்றைக்கு நீங்கள் யாரிடம் கேட்டாலும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், பாதிப் பேர் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணுவார்கள், அதனால் நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், பக்கத் திரைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிகிற மாதிரியான இடத்தில் உட்கார்ந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன். பார்த்தது மட்டுமில்லை, செய்ததையும் சொல்கிறேன். செய்ததைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

இன்ஸ்டிட்யூட் என்று நாங்கள் சொல்வது வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டிடம். ஒரு பக்கம் கேரம் ரூம், ஒரு பக்கம் யாரும் திறக்காத புஸ்தக அலமாரி, நடுவில் மேடை வைத்த ஹால். வருஷத்துக்கு ஒரு நாடகம், அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு தடவை போடுவார்கள், இரண்டாவது தடவை முடிந்த கையோடு செட்டைப் பிரித்து ஒர்க்‌ஷாப்புக்குப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காலனிப் பெண் மேடை ஏறக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு, எங்கேயும் எழுதி வைத்ததில்லை, எழுதி வைத்ததையெல்லாம் மீறினவர்கள்கூட அதை மீறினதில்லை. பெண் வேஷத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு நடிகை வருவாள், எங்கள் புருஷன்மார்கள் அவளிடம் மேடையில் சிரித்துப் பேசுவார்கள், நாங்கள் கீழே உட்கார்ந்து அவள் கட்டியிருக்கிற புடவையைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருப்போம்.

ஹீரோ எப்போதும் ஏசுவடியான்தான். ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன், ஆறடி ஆள், அவர் கூப்பிட்டால் மூன்றாவது ஷெட்டில் சுத்தியல் நிற்கும். ஆறாவது லைன் வீட்டு வரிசையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தக் குரலுக்கு ஒரு ரகசியம் இருந்தது, அது எனக்குத் தெரியும், அவருக்கு ஒரு வரி வசனம்கூட மண்டையில் நிற்காது. அவர் பெண்சாதி குணசீலிதான் அடுப்படியில் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுப்பாள், அவள் மெதுவாகச் சொல்வாள், அவர் முழங்குவார், அவள் மறுபடி மெதுவாகச் சொல்வாள், அவர் மறுபடி முழங்குவார், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு வசனம் எல்லாம் பாடமாகிவிடும். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற கிளார்க் மாற்றலாகிப் போனதும், "என் வீட்டுக்காரியே நிக்கட்டும், திரைக்கு உள்ளதானே, யார் கண்ணுல படப் போறா" என்று ஏசுவடியானே சொல்லிவிட்டார். அப்படித்தான் ஆறு வருஷமாகச் சீலி நோட்டைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டு மூலையில் நின்றாள். ராஜா பேசினதும் அவள் குரல்தான், ராணி பேசினதும் அவள் குரல்தான், கை தட்டு மட்டும் வேறு யாருக்கோ போகும்.

அந்த வருஷம் ரயில்வே பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் சாரநாதன் அலமாரியைத் திறந்து கரையான் தின்றது போக மிச்சமிருந்த ஒரு அமெரிக்க நாடகத்தை எடுத்துத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு வீடு, அதில் ராபர்ட் என்று ஒரு புருஷன், ஹெலன் என்று ஒரு பெண்சாதி. ஹெலன் எப்போதோ ஒரு ரயில் நிலையத்தில் எட்வின் என்ற ஒருத்தனோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறாள், அவன் ஒரு நாள் வீட்டுக்கு வருவான் என்று தினமும் மேசையில் அவனுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைக்கிறாள். அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாது என்று ராபர்ட் மூன்று மணி நேரம் கத்துகிறான். கடைசியில் அவள் வாயாலேயே "யாரும் வரலை, யாரும் இருந்ததே இல்லை" என்று சொல்ல வைக்கிறான். எட்வின் வரவே மாட்டான், அதனால் அந்த வேஷத்துக்கு ஆளும் கிடையாது, அச்சடித்த நோட்டீஸில் பேரும் கிடையாது.

"அமெரிக்காக்காரன் பழைய நாடகம் எடுத்தீங்கன்னா நிறைய இப்படித்தாம்மா இருக்கும்," என்றார் சாரநாதன் சார், ஒத்திகைக்கு எட்டிப் பார்த்த எங்களிடம். "ஒரு ஆம்பளை கத்துவான், ஒரு பொம்பளை இல்லாத ஒண்ணை இருக்குன்னு நம்புவா, கடைசில ஆம்பளை ஜெயிப்பான். அதுக்குப் பேரு துன்பியல்."

"இதுக்கு எதுக்கு சார் அமெரிக்கா வரைக்கும் போனீங்க, நம்ம ஆறாவது லைனுக்குப் போயிருந்தா போதுமே," என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சீலி சிரிக்கவில்லை, நோட்டை மார்போடு வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், எனக்கு எங்கே உறைத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியே மழையைக் கண்டு ஐந்து மாசம், குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தரம் காற்று வரும், பின்னால் கொஞ்சம் தண்ணீர் வரும். மேடையில் அமெரிக்க வீடு. ஒர்க்‌ஷாப் தச்சர் பலகையில் ஒரு கதவு பண்ணி, அது திறக்கிற கதவு இல்லை என்பதால் நான்கு மூலையும் ஆணி அடித்து நிறுத்தியிருந்தார், அதற்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் மாட்டுத் தொட்டி. மூன்றாவது காட்சியில் ஹெலனாக வந்த கும்பகோணத்துக் கமலவேணி தட்டை எடுத்து மேசையில் வைத்து, "அவர் வருவார்" என்றாள். வசனம் அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஒரு வரி சொன்னாள், ஒத்திகையில் ஒரு நாளும் நான் கேட்டிராத வரி, "நனைஞ்சுக்கிட்டாவது வருவார்." சொல்லி வாயை மூடவில்லை, ஆணி அடித்த கதவு திறந்தது, தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நனைந்த ஒரு ஆள் உள்ளே வந்தான், காலில் ஒட்டியிருந்த சேற்றை வாசலிலேயே துடைத்தான், தொப்பியைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினான், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதில் இருந்த கேன்டீன் பன்னைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தான்.

நாங்கள் கை தட்டினோம். வாத்தியார் புதுசாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்தோம். ஏசுவடியான் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவருக்கு எழுதியிருந்த வசனத்தைத்தான் முழங்கினார், "எங்கே உன் விருந்தாளி, காட்டு பார்க்கலாம், அந்த நாற்காலியில் காற்றுகூட உட்காரவில்லை." அந்த ஆள் பன்னை மென்றுகொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தான். ஹால் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது, பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள், பாயிண்ட்ஸ்மேன்கள் சிரித்தார்கள், அவர் கீழே வேலை செய்கிற ஃபிட்டர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏசுவடியானைப் பார்த்து அந்தக் காலனி சிரித்தது அதுதான் முதல் தடவை. சாரநாதன் சார் பதறிப்போய்த் திரையைப் போட்டுவிட்டார், நாடகம் பாதியில் நின்றது.

திரையைப் போட்ட பிறகும் ஆள் போகவில்லை. கதவைப் போய்ப் பார்த்தால் நான்கு ஆணியும் அடித்தபடியே இருக்கின்றன. நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள், நிதானமாக யோசித்துவிட்டு, "அவங்க எங்கே?" என்று கேட்டான். அதைத் தவிர அவனுக்குப் பேசத் தெரியாது. பேசுவதற்கு யாரும் அவனுக்கு வசனம் எழுதவில்லை அல்லவா. அவனைக் கேரம் ரூமில் தங்க வைத்தார்கள்.

மூன்றே நாளில் அவன் எங்கள் ஆளாகிவிட்டான், அதுதான் ஆச்சரியம், அவன் வந்தது ஆச்சரியமில்லை. யூனியன்காரர்கள் வந்து எந்தப் பிரிவு என்று கேட்டு உறுப்பினர் படிவம் கொடுத்துவிட்டுப் போனார்கள், எதிர் யூனியன்காரர்கள் வந்து அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், கோயிலில் இருந்து சுண்டல் வந்தது, சர்ச்சில் பயணிகளுக்கான ஜெபத்தில் எட்வின் என்று அவன் பேரையும் சேர்த்துச் சொன்னார்கள், இஸ்திரிக்காரர் அவன் கோட்டை வாங்கிக்கொண்டு போய் ஒரு கரி மூட்டை தீர்கிற வரைக்கும் தேய்த்துப் பார்த்துவிட்டு ஈரம் போகவில்லையே என்று திருப்பிக் கொடுத்தார். ஈரம் போகவே இல்லை. அவன் மேல் எந்த ஊர் மழை பெய்திருந்ததோ அது விடாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. கேரம் ரூம் ஜன்னல் கம்பியில் கோட்டைத் தொங்கவிட்டு அடியில் ஒரு வாளியை வைத்தால் ஒரு மணி நேரத்தில் வாளி நிறையும். அந்தக் கோடையில் நாங்கள் இதை விடுவோமா. முறை வைத்துப் பிடித்தோம், லைனுக்கு ஒரு வாளி. அந்தத் தண்ணீரில் பருப்பு மெத்தென்று வெந்தது, துணி பளிச்சென்று வெளுத்தது, மேல்வீட்டு லோகாம்பாள் தலைக்கு ஊற்றிவிட்டு முடி உதிர்வது நின்றுவிட்டது என்றாள்.

வாளிக்குக் காத்திருக்கிற நேரத்தில் நாங்கள் அவனிடம் பேச ஆரம்பித்தோம். அவன் ஒரு பதிலும் சொல்ல மாட்டான், ஆனால் தலையைச் சாய்த்துக் கேட்பான், நீங்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வேறு எங்கேயும் பார்க்காமல் கேட்பான். அப்படி ஒரு ஆம்பிளை கேட்டு நாங்கள் யாரும் கண்டதில்லை. என் கல்யாணத்தன்று என் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை நான் அவனிடம் சொன்னேன், அதுவரை எனக்கே அது ஒரு குறையாகத் தெரியாது. சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வீட்டுக்கு வந்தேன். அது போதும் எங்களுக்கு. வாளித் தண்ணீர் மாதிரி ஆளுக்கு ஒரு பங்கு கிடைத்தால் எங்களுக்குப் போதும்.

ஆனால் ஒவ்வொருத்தி பேசி முடித்ததும் அவன் கேட்பான், "அவங்க எங்கே?" யாரைக் கேட்கிறான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. ஹெலனாக நின்று அவனைக் கூப்பிட்டவள் கமலவேணிதானே, வேறு யாரைக் கேட்பான். ஆண்கள் கூடிப் பேசினார்கள், வந்தவன் நல்ல மாதிரி, அவளும் புருஷன் இல்லாதவள், முறைப்படி மாலை மாற்றி வைத்துவிட்டால் காலனிக்கும் கௌரவம் என்று முடிவு செய்து, புதன்கிழமை பாசஞ்சரில் ஆள் அனுப்பி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரோஜா மாலை இரண்டு, தாம்பாளத்தில் தேங்காய் பழம், கேரம் போர்டின் மேல் வெள்ளை விரிப்பு. எதற்கு எதைச் செய்வது என்று எங்கள் ஆட்களுக்கு எப்போதுமே தெரியும்.

கமலவேணி கழுத்தில் மாலையோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்து, "சௌக்கியமா இருக்கீங்களா?" என்றாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். இன்னொரு வார்த்தை பேசினாள், அதையும் கேட்டான். பிறகு மரியாதையாகக் கையைக் கூப்பினான், இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை, அவள் உலகம் தெரிந்தவள். மாலையைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். "ஐயா, நீங்கல்லாம் தப்பா நினைச்சுக்கிட்டீங்க," என்றாள். "எனக்கு ஒரு வசனமும் தெரியாது. பக்கத்துலேருந்து என்ன வருதோ அதைத் திருப்பிச் சொல்றதுதான் என் தொழில். இவர் வந்தது என் குரலைக் கேட்டு இல்லை. உள்ளே நின்னு சொன்னாங்களே ஒரு அம்மா, அவங்க குரலைக் கேட்டு வந்திருக்கார்."

ஆணி அடித்த கதவு திறந்ததை ஏற்றுக்கொண்டோம், நோட்டீஸில் இல்லாத ஆளை ஏற்றுக்கொண்டோம், காயாத கோட்டை ஏற்றுக்கொண்டு அதில் பருப்பு வேக வைத்தோம், ஆனால் பதினாறு வருஷம் ஒரே புருஷனோடு குடித்தனம் பண்ணின குணசீலி மனதுக்குள் ஒரு ஆள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்பதை மட்டும் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக வெளியே வந்தோம். அன்றைக்கு வாளிகூட யாரும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏசுவடியான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், அந்த உடம்பு எப்படியோ சிறுத்துப் போயிருந்தது. "அக்கா, நீங்க ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க, நீங்க சொல்லுங்க. நான் என்னைக்காவது அவளைக் கைநீட்டி அடிச்சிருக்கேனா?"

"இல்ல தம்பி."

"குடிச்சிருக்கேனா? வேற ஒருத்தி பக்கம் திரும்பியிருக்கேனா?"

"இல்ல."

"பிறகு அவளுக்கு என்னதான் வேணும்?" என்றார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார், அதுதான் கொடுமை. அவளிடம் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

மறுநாள் பகல், ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஆண்கள் எல்லாம் உள்ளே போன பிறகு, சீலி தலையை வாரிக்கொண்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, கூட வாங்க. தனியாப் போனா பேசுவாங்க," என்றாள். போனேன். கேரம் ரூம் வாசல் படியில் நான் உட்கார்ந்துகொண்டேன், அவள் உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

அவள் "நான்தான்" என்றாள். அவன் எழுந்து நின்றான், முகமெல்லாம் மலர்ந்தது, மறுபடி உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டான்.

மூன்று மணி நேரம் பேசினாள். நான் ஒட்டுக் கேட்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் கேட்டேன். பிறந்த ஊரான நாசரேத்தில் அவள் படித்த பள்ளிக்கூடம், பாட்டுப் போட்டியில் அவள் வாங்கின கோப்பை, கல்யாணமாகி வந்த முதல் மாசம் சாப்பிடும்போது அவள் ஏதோ சொல்ல வந்ததும் ஏசுவடியான் அவளைப் பார்க்காமலேயே கையை உயர்த்தி நிறுத்தினது, அந்தக் கையைப் பார்த்த அன்றோடு அவள் சொந்தமாகப் பேசுவதை விட்டது, பிறகு பிறந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போன குழந்தை, அதற்கு அவள் மனதுக்குள் வைத்த பேர். அந்தப் பேரை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவனிடம் சொன்னாள். நான் அதை உங்களிடம் சொல்ல மாட்டேன். அவள் பேசப் பேச ஜன்னலில் தொங்கின கோட்டிலிருந்து சொட்டு விழுவது குறைந்தது, அவள் பேசி முடித்தபோது நின்றே போயிருந்தது. அவன் எழுந்து போய்க் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டான். அதற்குள் அவன் இன்னொரு வார்த்தை கற்றுக்கொண்டிருந்தான். "வாங்க," என்றான்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது சீலி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சுட்டது. "அக்கா, அந்த ஒரு வரி நோட்டுல இல்ல. நானாத்தான் சொன்னேன். கமலவேணி கவனிக்காமத் திருப்பிச் சொல்லிட்டா."

"ஏன்மா அப்படிச் சொன்ன?"

"அவுகளுக்கும் சொல்லி, அவளுக்கும் சொல்லி, எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி, எனக்குன்னு ஒரு வரி வேணும்போல இருந்துச்சு அக்கா. வர்றவர் வருவார்னுகூட நினைக்கல." கேரம் ரூம் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அவர் வந்த வழியாத்தான் திரும்பிப் போக முடியும். ஞாயித்துக்கிழமை நாடகம் முடிஞ்சதும் செட்டைப் பிரிச்சிருவாங்க. அதனால கடைசி சீன்ல நான் மேடைக்குப் போயிருவேன். அந்தக் கதவு எங்கே போகும்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர் கூடப் போயிருவேன்."

நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அந்த ஒரு புண்ணியம் எனக்கு உண்டு, அதையும் பிறகு நானே கெடுத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் காலனி கொதித்தது. தண்ணீர் நின்றுவிட்டது என்று பெண்கள் கொதித்தார்கள், வெற்று வாளியைத் தூக்கிக்கொண்டு சீலி வீட்டைக் கடக்கும்போது வேண்டுமென்றே கைப்பிடியை ஆட்டிச் சத்தம் பண்ணினார்கள். இத்தனை பேர் வாயில் போகிற தண்ணீரை ஒருத்தி தன் கதையைச் சொல்லிக் காய வைத்துவிட்டாள் என்றாள் லோகாம்பாள். தண்ணீர் ஒரு சாக்கு. எல்லோருக்கும் கேட்ட காது இப்போது ஒருத்திக்காக மட்டும் காத்திருக்கிறது, அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஏசுவடியான் சத்தம் போடவில்லை. சாரநாதன் சாரைப் போய்ப் பார்த்து, "எழுதினபடி முடிப்போம் சார், ஒரு வரி கூடக்கூடாது, ஒரு வரி குறையக்கூடாது," என்று மட்டும் சொன்னார். வீட்டில் சீலியிடம் நோட்டைக் கொடுத்து, "ஏட்டி, கடைசிப் பக்கத்தைச் சரியாச் சொல்லு," என்று அவர் சொன்னது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. அவள் பதில் சொன்னது கேட்கவில்லை. அவள் எப்போது சத்தமாகப் பதில் சொன்னாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. அவன் யாரும் கூப்பிடாமலேயே ஆறு மணிக்கு மேடையில் வந்து தன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான், காய்ந்த கோட்டும் சீவின தலையுமாக, பெண் பார்க்க வந்தவன் மாதிரி. நாடகம் அவனைச் சுற்றிக்கொண்டே நடந்தது. அன்றைக்கு ஏசுவடியானைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் அத்தனை நன்றாக அதற்கு முன்னால் நடித்ததில்லை, "அப்படி ஒருத்தன் கிடையாது" என்று அவர் முழங்கினபோது, ஆள் கண்ணெதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, எனக்கு ஒரு கணம் நாற்காலி காலியாகத் தெரிந்தது. அந்தக் குரல் அப்படிப்பட்ட குரல். அதற்கும் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

கடைசிக் காட்சி வந்தது. ராபர்ட், ஹெலனின் தோளைப் பிடித்து நாற்காலியின் பக்கம் திருப்பி, "சொல், யார் வந்தார்கள், உன் வாயால் சொல்," என்றான். இப்போது ஹெலன் "யாரும் வரலை" என்று சொல்ல வேண்டும். கமலவேணி பக்கத் திரையைப் பார்த்தாள். அங்கேயிருந்து ஒன்றும் வரவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது, சீலி நோட்டை மூடித் தரையில் வைத்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள், திரையைக் கையால் விலக்கினாள். வெளிச்சத்துக்குள் ஒரு கால் வைத்தாள். அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். ஏசுவடியான் அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், வார்த்தை இல்லை, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் அந்தப் பெரிய உடம்பு மேடை நடுவில் வாயைத் திறந்தபடி நின்றது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஐந்து எட்டு தூரம் இருக்கும். பின்னால் கதவின் மேல் மூலையில் ஒரு ஆணி தானாகக் கழன்று விழுந்த சத்தம் கேட்டது.

அவள் இரண்டாவது எட்டு வைத்தாள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ அந்த வரியைச் சொன்னார்கள். லோகாம்பாள்தான் என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள், இருக்கலாம். "யாரும் வரலை." அடுத்த பெஞ்சில் இன்னொருத்தி சொன்னாள். மூன்று மாச ஒத்திகை, காலனி முழுக்க அந்த வரி எல்லோருக்கும் பாடம், பெஞ்சு பெஞ்சாக அது பின்னால் போயிற்று, ஆண்கள் பக்கம் தாவியது, ஹாலே சேர்ந்து சொன்னது, கத்திச் சொல்லவில்லை, சர்ச்சில் பதில் சொல்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னது, "யாரும் வரலை, யாரும் இருந்ததே இல்லை, யாரும் வரலை, யாரும் இருந்ததே இல்லை."

நானும் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அவள் அந்தக் கதவைத் தாண்டிப் போய்விட்டால் நாளைக் காலையில் நான் எந்த முகத்தோடு என் அடுப்படிக்குள் போவேன், இருபத்தி நான்கு வருஷமாக வாயை மூடிக்கொண்டு நான் இருந்தது எதற்கு என்று யார் எனக்குச் சொல்வார்கள். அதை நினைத்தேன், என் வாய் தானாகத் திறந்தது. எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன், மூன்று தடவை சொன்னேன்.

அவன் கேட்கத் தெரிந்தவன். யார் பேசினாலும் முடிகிற வரைக்கும் கேட்பவன், கேட்டதை நம்புகிறவன், அவனைப் பொய் சொல்லி ஏமாற்றலாம் என்று அதுவரை எங்களுக்குத் தோன்றினதே இல்லை. எங்கள் பக்கம் திரும்பித் தலையைச் சாய்த்து, நாங்கள் முன்னூறு பேரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டான். பிறகு சீலியைப் பார்த்தான். அவள், "இல்ல, நான் இன்னும் சொல்லலை," என்றாள், வெறும் காற்றாகத்தான் வந்தது அவள் குரல், ஆறு வருஷம் மெதுவாகவே பேசிப் பழகின குரல், அத்தனை பேர் குரலுக்கு நடுவில் அது எங்கே கேட்கும். அவன் தொப்பியை எடுத்தான். கதவுப் பக்கம் போகக்கூட இல்லை. எடுத்த இடத்திலேயே, தொப்பியைத் தலையில் வைக்கிறதுக்குள்ளே, அங்கே யாரும் இல்லை.

சீலி மேடை நடுவில், வெளிச்சத்தில், வெறுங்காலோடு நின்றாள். எங்களையெல்லாம் வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஏசுவடியான் இன்னும் வாயைத் திறந்தபடிதான் நின்றார், நாடகம் முடிய அவருக்கு இன்னும் ஒரு வசனம் இருந்தது, ஜெயித்தவன் சொல்கிற வசனம், அது அவருக்கு வரவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி நடந்து பக்கத் திரைக்குள் போனாள், தரையில் கிடந்த நோட்டை எடுத்தாள், பக்கத்தைத் தேடிப் பிரித்தாள், மெதுவாக, எப்போதும் போல, ஒரு வார்த்தை தவறாமல் எடுத்துக் கொடுத்தாள்.

"இந்த வீட்டில் நான் பார்ப்பது மட்டும்தான் இருக்கிறது," என்று ஏசுவடியான் முழங்கினார்.

நாங்கள் கை தட்டினோம்.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் முன்னால் சீலி வந்து நின்றாள், கண் வீங்கியிருந்தது, மற்றபடி எல்லா நாளும் போலத்தான் இருந்தாள். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. தன் குடம் நிறைந்ததும் அவளே என் குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"நீங்களும் சொன்னீங்களா அக்கா?" என்றாள்.

"இல்லம்மா," என்றேன். "எல்லாரும் சொன்னாங்க, நான் வாயே திறக்கலை."

அவள் என்னைப் பார்க்கவில்லை, குடத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எல்லார் குரலும் தெரியும்க்கா," என்றாள், கோபமே இல்லாமல். பிறகு குழாயை மூடினாள், குனிந்து என் குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டாள்.